நீக்கப்பட்ட பொதிகளும் சுவடிக்கூடமும்: டெபியன் இயங்குதள வரலாற்றில் ஒரு பகுதி

மென்பொருளின் வரலாறு என்றதும் புதியன தோன்றிய வரலாறே பெரும்பாலும் நினைவுக்கு வருகின்றது. இன்ன ஆண்டிலே இன்ன இயங்குதளம் வெளிவந்தது, இன்னார் அதனை ஆக்கினார், இத்தனை பேர் அதனைப் பயன்படுத்தினர் என்றவாறு அது எழுதப்படுகின்றது. பழையவை யாதாயின என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. ஒரு மென்பொருள் கைவிடப்பட்ட பின்னர் அதன் பிரதி எங்கே கிடக்கின்றது, வேண்டியவர் அதனை மீளப் பெறக்கூடுமா, பெற்றாலும் அது இயங்குமா என்பனவும் வரலாற்றாசிரியனுக்குரிய வினாக்களே. டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை எடுத்துக்கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பிறவற்றை விடுத்து டெபியனைத் தெரிந்தமைக்குக் காரணம் உண்டு. அது எந்த வணிக நிறுவனத்துக்கும் உரியதன்று. அதன் முடிவுகளும் பிணக்குகளும் தவறுகளும் பெரும்பாலும் பகிரங்கமாகவே பதிவுசெய்யப்பட்டுள்ளன. சான்று தேடுவோனுக்கு இதனினும் வாய்ப்பான களம் கிடைப்பது அரிது.

1993 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 16 ஆந் திகதி இயன் மர்டொக் என்பார் டெபியன் திட்டத்தை அறிவித்தார். அவர் அப்போது அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள பேர்டியூ பல்கலைக்கழகத்து மாணவர், வயது இருபது. தம் காதலியாயிருந்த டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து அவர் திட்டத்துக்குப் பெயரிட்டார். லினக்ஸ் கருனியைச் சுற்றி, உலகின் பல பாகங்களிலுமுள்ள தன்னார்வலர்கள் ஆளுக்குச் சிலவாகப் பொறுப்பேற்றுத் தொகுக்கும் பொதிகளால் ஓர் இயங்குதளத்தை அமைக்கலாம் என்பதே அவரது எண்ணம். பொதி என்பது ஒரு செயலியின் கோப்புக்களையும், அதனை நிறுவுதற்கும் அகற்றுதற்கும் வேண்டிய குறிப்புக்களையும், அது இயங்குவதற்கு வேறு எவையெவை முன்னரே இருத்தல் வேண்டும் என்ற பட்டியலையும் ஒன்றாகக் கட்டிய கோப்பாகும். இப்பட்டியலை மனங்கொள்ளல் வேண்டும். பழைய பொதியை மீட்பதிலுள்ள இடர்களிற் பல அதிலிருந்தே தொடங்குகின்றன.

1996 யூன் மாதம் வெளிவந்த 1.1 ஆம் பதிப்பில் 474 பொதிகள் இருந்தன. 1.0 எங்கே என்று கேட்கத் தோன்றும். 1995 இன் இறுதியிலே இறுவட்டு நிறுவனமொன்று, முடிவுறாத ஆக்க நிலையிலிருந்த தொகுப்பை 1.0 எனத் தவறாகப் பெயரிட்டு விற்பனைக்கு விட்டது. குழப்பத்தைத் தவிர்க்கும் பொருட்டுத் திட்டத்தினர் அவ்வெண்ணையே கைவிட்டு 1.1 இற்குச் சென்றனர். ஆகவே டெபியன் 1.0 என்ற பெயருடன் உலகில் உலவியது டெபியன் திட்டத்தினர் ஒருபோதும் வெளியிடாத ஒன்று! பதிப்பெண்ணை மட்டும் நம்பி வரலாறு எழுதப் புகுவோர் இதனை நினைவிற் கொள்வது நன்று. வெளியீடுகளுக்கு 'ரோய் ஸ்ரோரி' திரைப்படத்துப் பாத்திரங்களின் பெயர்கள் இடப்படலாயின. அக்காலத்தில் திட்டத்தை வழிநடத்திய புரூஸ் பெரென்ஸ் அப்படத்தைத் தயாரித்த பிக்சார் நிறுவனத்திற் பணியாற்றியவர். நாள்தோறும் மாறுகின்ற, எவ்வேளையும் உடையக்கூடிய ஆக்கப் பிரிவுக்கு, பொம்மைகளை உடைக்கும் அயல்வீட்டுச் சிறுவனாகிய 'சிட்' என்பவனின் பெயர் நிலையாக வாய்த்தது.

474 இல் தொடங்கிய தொகை 2025 ஓகஸ்டில் வெளிவந்த 13 ஆம் பதிப்பில் 69,830 ஆயிற்று. வளர்ச்சியைக் காட்டும் இவ்வெண்ணுக்கு அருகிலேயே அதே அறிவித்தலில் இன்னோர் எண்ணும் உண்டு. வழக்கொழிந்தவை என அப்பதிப்பிலிருந்து நீக்கப்பட்டவை 8,840 இற்கு மேல். 2023 இல் வெளிவந்த 12 ஆம் பதிப்பில் 6,296. 2021 இல் வெளிவந்த 11 ஆம் பதிப்பில் 9,519. மூன்று பதிப்புக்களில் ஏறத்தாழ 24,600 பொதிகள் நீங்கியுள்ளன. இத்தொகை முழுவதும் இறந்துபட்ட செயலிகளைக் குறிப்பதன்று. நிரல்நூலகமொன்றின் இலக்கம் மாறும்போது பழைய பெயர் நீங்கிப் புதிய பெயர் தோன்றுவதும் இதனுள் அடங்கும். ஆயினும் அக்கழிவை நீக்கி நோக்குமிடத்தும் மறைந்தவை மிகப் பல.

ஒரு பொதி ஏன் நீக்கப்படுகின்றது? அதனை எழுதியவர் கைவிட்டிருக்கலாம். பராமரிப்போர் எவருமின்றி அது அநாதையாகியிருக்கலாம். திருத்தமுடியாத வழு இருக்கலாம். உரிமத்திற் சிக்கல் எழுந்திருக்கலாம். அது சார்ந்து நின்ற வேறொன்று நீங்கியதால் இதுவும் நீங்க நேர்ந்திருக்கலாம். கடைசியாகக் கூறியதே பேரழிவுக்கு ஏதுவாவது. பைதன் மொழியின் இரண்டாம் தலைமுறைக்கான ஆதரவு 2020 ஜனவரி முதலாந் திகதியுடன் முடிவுற்றது. 11 ஆம் பதிப்பில் அதன் எச்சம் இருந்தது. 12 இல் அதுவும் இல்லை. மூன்றாம் தலைமுறைக்கு மாற்றி எழுத ஆளில்லாத செயலிகள் யாவும் அதனுடன் சென்றன. இத்தகைய நீக்கத்துக்கு ஒழுங்கான நடைமுறை உண்டு. வேண்டுகோள் விடுக்கப்படும், களஞ்சியப் பொறுப்பாளர் அதனைப் பரிசீலிப்பர், நாளும் காரணமும் பதிவேட்டில் ஏறும்.

ஆனால் சந்தடியின்றி நிகழும் இன்னொரு நீக்கமும் உண்டு. ஒரு பொதியின் புதிய பதிப்பு களஞ்சியத்தை அடைந்ததும், வேறெந்தப் பிரிவும் பழையதைத் தாங்கி நிற்காவிடின், அப்பழையது தானாகவே அழிக்கப்படும். இதற்கு வேண்டுகோளும் இல்லை, காரணமும் இல்லை. வரலாற்று நோக்கில் இதுவே பெரிய இழப்பு என்பது இக்கட்டுரையாளரின் கருத்தாகும். முன்னையது ஒரு நூலை நூலகத்திலிருந்து அகற்றுவது போன்றது. பின்னையது ஒவ்வொரு புதிய பாடமும் வந்தவுடன் முன்னைய ஏட்டை எரிப்பதற்கு ஒப்பானது. பாடபேதம் நோக்கிப் பயின்றவர்க்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இதற்காக அக்காலத்துப் பொறுப்பாளரைக் குறைகூறல் நேர்மையன்று. டெபியனின் களஞ்சியம் ஒரே இடத்தில் மட்டும் இருப்பதன்று. பல்கலைக்கழகங்களும் பிற நிறுவனங்களும் நன்கொடையாக அளித்த கணினிகளில் அதன் பிரதிகள் உலகெங்கும் வைக்கப்பட்டுள்ளன. வன்தட்டின் விலை உயர்வாயிருந்த காலத்தில், பழையவற்றையெல்லாம் சுமக்குமாறு அவர்களைக் கேட்பது இயலாத காரியம். 2000 டிசம்பரிலே களஞ்சியம் மாற்றியமைக்கப்பட்டது. அதுவரை வெளியீட்டுக்கு வெளியீடு தனித்தனி அடைவுகளிலிருந்த பொதிகள் யாவும் பெயரின் முதலெழுத்து வரிசையில் ஒரே பொதுத்தொகுதிக்குள் வைக்கப்பட்டன. ஒரே பொதியைப் பல வெளியீடுகள் பகிர்ந்துகொள்ள இது வழிசெய்தது; இடமும் மிஞ்சியது. எதற்கும் வேண்டாத கோப்பு எது எனக் கண்டு துடைப்பதும் இதனால் இலகுவாயிற்று.

இவ்விடத்திலே உரிமம் பற்றிச் சிறிது கூறல் பொருந்தும். கட்டற்ற மென்பொருள் எவராலும் எக்காலத்தும் பிரதி செய்யத்தக்கது. எனவே அது அழியாது என்ற நம்பிக்கை பலரிடம் இருந்தது. 1991 இல் வெளிவந்த குனூ பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, இயங்கு வடிவத்தை வழங்குவோர் மூலநிரலையும் பெறுவதற்கு வழிசெய்தல் வேண்டும் என விதிக்கின்றது. டெபியன் இரண்டையும் பக்கத்திற் பக்கமாக வைப்பதன் மூலம் அவ்விதியை நிறைவேற்றி வந்தது. இயங்கு வடிவம் நீங்கியதும் மூலநிரலை வைத்திருக்கும் தேவையும் நீங்கிற்று; இரண்டும் ஒருங்கே மறைந்தன. பிரதி செய்யும் உரிமை எல்லோருக்கும் இருந்தது. பேணிவைக்கும் கடமை எவருக்கும் இருக்கவில்லை. உரிமையிலிருந்து பேணுகை தானாகத் தோன்றிவிடாது என்பதைச் சமூகம் உணரப் பல ஆண்டுகள் சென்றன.

முற்றுப்பெற்ற வெளியீடுகளின் நிலை இத்துணைத் துன்பமானதன்று. காலாவதியான பதிப்புக்கள் பொதுக் களஞ்சியத்திலிருந்து தனியொரு சுவடிக்கூடத்துக்கு மாற்றப்பட்டு வந்துள்ளன. 1996 இன் 'பஸ்', 1998 இன் 'ஹாம்', 2000 இன் 'பொட்டேட்டோ' என அவை அங்கு வரிசையாக உள்ளன. இரண்டு வெளியீடுகளுக்கு இடைப்பட்ட காலத்து அன்றாட நிலைகளே காக்கப்படாதிருந்தன. யப்பான் நாட்டைச் சேர்ந்த டெபியன் உறுப்பினர் ஒருவர் களஞ்சியத்தின் அன்றாடப் பிரதிகளைச் சேர்த்துவைக்கும் பணியைத் தம் முயற்சியாகவே தொடங்கினார். அதன் வழியில், 2010 ஏப்ரலில் டெபியன் திட்டமே 'ஸ்னாப்ஷொட்' என்னும் காலச்சுவடிக் கூடத்தை அறிவித்தது. பிரித்தானியாவின் சாங்கர் ஆய்வு நிறுவனமும் கனடாவின் பிரித்தானியக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்து மின், கணினிப் பொறியியற் பிரிவும் இடமளித்தன. மரபணு ஆராயும் நிறுவனமொன்று மென்பொருளின் மூதாதையரைப் பேண முன்வந்தமை சுவையானதே.

அக்கூடத்தின் அமைப்பு எளிமையும் நுட்பமும் வாய்ந்தது. களஞ்சியம் நாளொன்றுக்குப் பலமுறை புதுப்பிக்கப்படும். ஒவ்வொரு முறையும் முழுவதையும் பிரதி செய்தால் எவ்வளவு வட்டும் போதாது. ஆகவே ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் 40 எழுத்துக் கொண்ட ஒரு குறி கணிக்கப்பட்டு, அக்குறியின் பெயரில் அக்கோப்பு ஒருமுறை மட்டுமே வைக்கப்படுகின்றது. இன்ன நாள், இன்ன நேரத்தில், இன்ன அடைவில், இன்ன பெயரில் இக்குறியுடைய கோப்பு இருந்தது என்பது தரவுத்தளத்திற் பதியப்படும். மாறாத கோப்பு ஆயிரம் நாட்களில் இருந்தாலும் வட்டில் ஒன்றே. வேண்டுவோர் ஒரு திகதியைக் குறிப்பிட்டால் அன்றைய களஞ்சியம் இருந்தவாறே கண்முன் விரியும். பொதியின் பெயரையும் பதிப்பெண்ணையும் குறிப்பிட்டால் அதனை மட்டும் பெறலாம். அங்கே காணத்தக்க நாட்கள் 2005 மார்ச் 12 இலிருந்து தொடங்குகின்றன.

பழைய பொதியால் யாருக்கு என்ன பயன் என்று வினவுவோர் உண்டு. பழையது என்றால் ஓட்டையுள்ளது, ஆபத்தானது, எனவே மறைந்தொழிவதே நன்று என்பது அவர்கள் வாதம். ஆபத்து உண்டு என்பது உண்மையே. ஆனால் அந்த ஆபத்தை அளவிடுவதற்கே பழைய பொதி வேண்டியிருந்த சந்தர்ப்பம் ஒன்றை இங்கு எடுத்துக்காட்டலாம்.

2006 செப்டெம்பரில் டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியிலே, 0.9.8c-1 என்ற பதிப்பில், சிறு மாற்றமொன்று செய்யப்பட்டது. வழுத்தேடும் கருவியொன்று குறைகூறிய வரிகள் அகற்றப்பட்டன. மறைகுறித் திறவுகோல்களை ஆக்குவதற்கு வேண்டிய எழுந்தமானத் தன்மையில் ஏறக்குறைய முழுவதும் அவ்வரிகளுடன் போய்விட்டதை எவரும் கவனித்திலர். எஞ்சியது செயன்முறை இலக்கம் ஒன்றே. அது பெறக்கூடிய பெறுமானங்கள் ஏறத்தாழ 32,768. கோடானுகோடியாக விரிய வேண்டிய திறவுகோல்கள், ஒரு வகைக்கும் நீளத்துக்கும் இச்சிறு தொகையினுள் அடங்கிவிட்டன. லூசியானோ பெல்லோ என்பார் இதனைக் கண்டறிய, 2008 மே 13 ஆந் திகதி எச்சரிக்கை வெளியாயிற்று. இடைப்பட்ட இருபது மாதங்களில், டெபியனிலும் அதன் வழிவந்த உபுந்துவிலும் ஆக்கப்பட்ட ஒவ்வொரு திறவுகோலும் ஐயத்துக்குரியதாயிற்று. எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புவரை வழு இருந்தது? எந்தத் திறவுகோல்கள் வலுவற்றவை? வலுவற்ற திறவுகோல்களின் பட்டியலை ஆக்குவதற்கு வழுவுள்ள பதிப்பின் நடத்தையே வேண்டியிருந்தது. திருத்திய பதிப்பு மட்டும் கையிலிருந்தால் நோய் நீங்கியதைக் கூறலாமேயன்றி, நோயுற்றவர் யாரென்று கூற இயலாது.

ஆய்வுத்துறையினருக்கும் இதில் அக்கறை உண்டு. 'ஆர்' என்னும் புள்ளிவிபரவியல் மொழியின் 3.6.0 ஆம் பதிப்பு 2019 இல் வெளிவந்தபோது, எழுந்தமான மாதிரி எடுக்கும் முறை மாற்றப்பட்டது. அதே தரவு, அதே நிரல், அதே தொடக்க எண் கொண்டு செய்தாலும் பழைய பதிப்பில் வந்த மாதிரி புதியதில் இயல்பாக வராது. முன்னைய ஆய்வொன்றின் முடிவைச் சரிபார்க்க முனைவோன் அன்றைய பதிப்பைத் தேடவோ, பழைய முறையை வெளிப்படையாகக் கோரவோ வேண்டும். தரவு இருந்தும் அதனை வாசிக்கும் கருவி இல்லாத நிலை நம்மவர்க்கும் புதிதன்று. பாமினி எழுத்துருவிலே தட்டச்சுச் செய்யப்பட்ட பழைய கட்டுரைக் கோப்பொன்றை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே திறந்து, ஆங்கில எழுத்துக்களின் குவியலைக் கண்டு திகைத்தோர் நம்மிற் பலராவர்.

இனி, மீட்கும் முறையை நோக்குவோம். பொதியைப் பெறுவது இலகு. அதனை இயங்கவைப்பதே அரிது. முதலாவது தடை முத்திரையில் எழுகின்றது. களஞ்சியத்தின் பொருளட்டவணை மறைகுறியாற் கையொப்பமிடப்பட்டது. அடிக்கடி மாறும் பிரிவுகளின் அட்டவணையிலே, இன்ன நாள்வரையே இது செல்லும் என்ற குறிப்பும் உண்டு. இஃது ஏன் இடப்பட்டது? எதிரியொருவன் பழைய அட்டவணையைக் காட்டிப் பயனாளரை ஏமாற்றி, பாதுகாப்புத் திருத்தங்கள் அவரைச் சென்றடையாமல் தடுக்கக்கூடும், அதனைத் தவிர்க்கவே. ஆனால் காலச்சுவடிக் கூடம் தருவதும் பழைய அட்டவணைதான்! பொதிகளை நிறுவும் 'ஆப்ட்' என்ற கருவிக்கு, வரலாற்று மாணவன் விரும்பிக் கேட்கும் பழைமையும் எதிரி திணிக்கும் பழைமையும் ஒன்றாகவே தோன்றும். எனவே நாட்சோதனையை நிறுத்துமாறு வெளிப்படையாகக் கட்டளையிடல் வேண்டும். கையொப்பத்துக்குரிய திறவுகோலும் காலங்கடந்ததாயிருக்கும். நல்வாய்ப்பாக, ஓய்வுபெற்ற திறவுகோல்களையும் டெபியன் தனிக் கோப்பொன்றிலே பேணிவருகின்றது.

இரண்டாவது தடை, முன்னர்க் குறிப்பிட்ட சார்புப் பட்டியல். பழைய பொதி தன் காலத்து நூலகங்களை வேண்டி நிற்கும். அவை தத்தம் காலத்து நூலகங்களை வேண்டும். ஒன்றை இழுத்தால் ஒரு காலமே எழுந்து வரும். அவற்றை இன்றைய இயங்குதளத்தினுள் நேரே புகுத்தினால் இன்றையது சிதையும். ஆகவே தனியொரு அடைவினுள்ளோ மெய்நிகர்க் கணினியினுள்ளோ பழைய வெளியீட்டை முழுமையாக எழுப்பி, அதனுள் அப்பொதியை நிறுவுவதே தகுந்த வழி. அங்கும் ஒரு பொறி உண்டு. 2013 இன் 'வீசி', அதற்கு முந்தியவை ஆகியவற்றின் அடிப்படை நூலகம் கருனியை அழைத்த முறைகளில் ஒன்றைப் பிற்காலக் கருனிகள் பாதுகாப்புக் கருதி அடைத்துவிட்டன. தனி அடைவில் எழுப்பிய பழைய வெளியீடு அவற்றின்மேல் தொடங்கிய கணமே விழுந்துவிடும். கருனி தொடங்கும்போது அப்பழைய வழியைத் திறந்துவைக்குமாறு குறிப்பிட்டாலன்றி அது எழாது. இக்கட்டுரையாளர் இதனை அறியாது ஒரு மாலைப்பொழுது முழுவதையும் கோப்புப் பழுதென்றெண்ணி வீணாக்கியதுண்டு.

இத்தடைகளை அறியாதோரும் சுவடிக்கூடத்தை அறியாதோரும் பலர் என்பது 2019 மார்ச்சிலே புலனாயிற்று. அம்மாதம் 'வீசி' வெளியீடும் 'ஜெசி' வெளியீட்டின் சில துணைப்பிரிவுகளும் பொதுக் களஞ்சியத்திலிருந்து அகற்றப்பட்டன. தானியங்கி முறையில் மென்பொருளைக் கட்டிக்கொண்டிருந்த நிறுவனங்கள் பலவற்றில் வேலைகள் ஒரேயடியாக நின்றன. கோப்புக் காணப்படவில்லை என்ற செய்தியே எங்கும் வந்தது. கண்டனங்களும் எழுந்தன. ஆனால் வீசிக்கான நீடித்த ஆதரவு முன்னைய ஆண்டிலேயே முடிவுற்றிருந்தது. இலவசமாகப் பெற்ற ஒன்று என்றும் அதே முகவரியில் இருக்கும் என்ற எண்ணத்தைத் தவிர, அவர்களிடம் வேறு முன்னேற்பாடு இருக்கவில்லை.

வணிக நிறுவனம் பேணினால் நிலை உறுதியாயிருக்கும் என்பாரும் உளர். 'ஆர்' மொழிப் பொதிகளின் அன்றாட நிலைகளை 2014 செப்டெம்பர் முதல் சேர்த்துவந்த காலச்சுவடிக் கூடமொன்று மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தால் நடத்தப்பட்டது. 2023 யூலை முதலாந் திகதி அது மூடப்பட்டது. அதன் முகவரியை நம்பி எழுதப்பட்ட ஆய்வு நிரல்கள் அன்றுடன் அநாதையாயின. தன்னார்வலர் நடத்தும் கூடங்களுக்கு வட்டும் ஆளும் எப்போதும் பற்றாக்குறை. ஆயினும் ஒரு கணக்காளரின் முடிவால் அவை ஒரே நாளில் மூடப்படுவதில்லை. மூலநிரலைப் பொறுத்தவரை, பிரெஞ்சு ஆய்வு நிறுவனமாகிய இன்ரியா 2016 இல் அறிவித்த 'சொஃப்ட்வெயர் ஹெரிட்டேஜ்' முயற்சி நம்பிக்கை தருவதாகும். அதனைத் தொடக்கிய இருவருள் ஒருவரான ஸ்டெபானோ சக்கிரோலி முன்னர் டெபியன் திட்டத் தலைவராயிருந்தவர்.

பழைய பதிப்பு அவசரத் தேவையாகிய நிகழ்ச்சி 2024 மார்ச் 29 ஆந் திகதி வெளிவந்தது. எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புக்களிலே, நம்பிக்கையைப் பெற்றிருந்த பராமரிப்பாளர் ஒருவரே கள்ளவாயில் ஒன்றை மறைத்து வைத்திருந்தார். டெபியன் 'சிட்' பிரிவைப் பயன்படுத்திய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியியலாளர், தொலைநுழைவு அரை விநாடி அளவில் தாமதிப்பதைக் கவனித்து, அதன் காரணத்தைத் துருவித் துருவிச் சென்று இதனைக் கண்டுபிடித்தார். நிலையான வெளியீட்டை அது அடைந்திருக்கவில்லை. பரிகாரம் யாது? பழைய 5.4.5 இற்குத் திரும்புதலே. ஆனால் பொதிக்கருவி உயர்ந்த எண்ணை நோக்கியே இயல்பாகச் செல்லும். தாழ்ந்த எண்ணுள்ளதைப் புதுப்பிப்பாக ஏற்காது. ஆகவே அப்பழையது '5.6.1+really5.4.5-1' என்ற விந்தையான எண்ணுடன் களஞ்சியத்தில் மீண்டும் ஏற்றப்பட்டது. முன்னே நிற்பது கருவியை இணங்கவைப்பதற்கான எண். பின்னே நிற்பது உண்மை எண். இடையில் நிற்பது 'உண்மையில்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல். ஒரு பதிப்பெண்ணே இவ்வளவு வரலாற்றைத் தன்னுள் அடக்கி நிற்பது அபூர்வம்.

2005 இற்குப் பிந்திய டெபியனைப் பற்றி இத்தகைய நுண்மையுடன் எழுதச் சான்றுகள் உண்டு. அதற்கு முந்திய பன்னிரண்டு ஆண்டுகளின் நிலை வேறு. 1998 யூலையில் வெளிவந்த 'ஹாம்' முழுமையாகக் கிடைக்கின்றது. 1999 மார்ச்சில் வெளிவந்த 'ஸ்லிங்க்' முழுமையாகக் கிடைக்கின்றது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட எட்டு மாதங்களில், யாதேனுமொரு நாளில் ஆக்கப் பிரிவு எவ்வாறு இருந்தது, எந்தப் பதிப்புத் தோன்றி எந்தப் பதிப்பால் அழிக்கப்பட்டது என்பதை மாற்றக் குறிப்பேடுகளிலிருந்தும் கடிதங்களிலிருந்தும் ஊகிக்கலாமே தவிர, பொதியையே எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு அருமை. அக்காலத்துச் சஞ்சிகைகளுடனும் நூல்களுடனும் இணைத்து வழங்கப்பட்ட இறுவட்டுக்கள் சில, தனியார் சேகரிப்புக்களிலிருந்து இன்றும் வெளிவருகின்றன. அவற்றிலே பதிந்துள்ள நிலைகள் எந்தச் சுவடிக்கூடத்திலும் இல்லாதனவாக இருக்கக்கூடும். மேலும் சிலவற்றின் வெள்ளிப்பூச்சு இந்நேரம் உரியத் தொடங்கியிருக்கும்.